“அந்தப் பகுதியில இருக்காம்”: உயிர்மாய்ப்பு பரம்பரையில் வருமா?

நெல்லியடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 29, பள்ளிக்கூட ஆசிரியை. அவருக்கு 11 வயதாக இருக்கும்போது தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று வருடங்களுக்கு முன் சித்தப்பாவும். இப்போது கனடாவில் இருக்கும் ஒரு பெடியனுக்குச் சம்மந்தம் பேசி, குறிப்பும் பொருந்தி, பெண் பார்க்க நாளும் வைத்த பிறகு தரகர் வந்து, “அந்தப் பகுதியில இருக்காம், அவை யோசிக்கினம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய கேள்விகள் இவை: இது உண்மையிலேயே பரம்பரையில் வருகிற விஷயமா? எனக்கும், எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வருமா? முன்கூட்டியே கண்டுபிடிக்க மரபணுப் பரிசோதனை ஏதும் உண்டா? கடைசியாக ஒன்று: “நான் இதைக் கேட்பது அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் பதிலை அவவுக்கு வாசித்துக் காட்டலாமா?”

தங்கச்சி, யாழ்ப்பாணத்து மனநலக் கிளினிக்குகளில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. பிரஷருக்கு வந்ததாகச் சொல்லி, எழும்பிப் போகும் நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்கள்தான் அதிகம். நீங்கள் நேராகக் கேட்டீர்கள், நானும் நேராகவே சொல்கிறேன். ஓம், பரம்பரைக்குப் பங்கு உண்டு. உங்களைத் தேற்றுவதற்காக இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் தரகர் சொன்ன அர்த்தத்தில் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் இனி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும்.

பங்கு இருக்கிறது என்பது எப்படித் தெரிந்தது? ஒரு வீட்டில் இரண்டு பேர் உயிரை மாய்த்துக்கொண்டால் அது இரத்தமா, அந்த வீட்டுச் சூழலா என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்துப் பார்க்கத் தத்துப் பிள்ளைகள் உதவினார்கள். டென்மார்க்கில் தத்தெடுப்புப் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருந்தார்கள். 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பின்னர் உயிரை மாய்த்துக்கொண்ட 57 பேரை எடுத்தது. அவர்களைப் பெற்ற வழியில் இரத்த உறவினர் 269 பேர். அவர்களில் 12 பேர் அதே மாதிரி இறந்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த வேறு 57 தத்துப் பிள்ளைகளின் இரத்த உறவினரும் 269 பேர்தான். அவர்களில் 2 பேர். வளர்த்த குடும்பங்களில் இரண்டு பக்கத்திலும் ஒருவரும் இல்லை. பார்த்தேயிராத தாய் தகப்பனிடமிருந்து ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்பதை இதற்குப் பிறகு மறுக்க முடியாமல் போனது.

இரட்டையர் ஆய்வுகளும் அதையே சொல்லின. 1991இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவராவது உயிரை மாய்த்துக்கொண்ட, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் 62 சோடி. அவற்றில் 7 சோடியில் இரண்டு பேருமே அப்படி இறந்திருந்தார்கள். வெவ்வேறு கருவிலிருந்து வந்த இரட்டையர் 114 சோடியில் 2 சோடிதான்.

இந்த இடத்தில் எல்லோரும் 7ஐயும் 2ஐயும் பார்ப்பார்கள். நீங்கள் 55ஐப் பாருங்கள். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும், ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தும், பெரும்பாலும் ஒரே வீட்டில் வளர்ந்தும், 62 சோடியில் 55 சோடியில் மற்றவர் அப்படி இறக்கவில்லை. டென்மார்க் கணக்கையும் திருப்பிப் போடுங்கள். 269 பேரில் 257 பேர். தரகர்மார் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

இனி 30 முதல் 55 வீதம் என்ற கணக்கு. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் உயிர்மாய்ப்பு எண்ணம், முயற்சி ஆகியவற்றின் பரம்பரைத்தன்மை 30 முதல் 55 வீதம் என்று எழுதினார்கள். இதை வாசிக்கிற ஒருவர், “அப்ப எனக்கு வர 40 வீதம் சான்ஸ்” என்று எடுத்துக்கொள்வார். அது முழுப் பிழை. உங்களுக்கு வருமா வராதா என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதுதான் அதன் பொருள். உரும்பிராய்ச் செம்மண்ணில் ஒரே அளவு தண்ணீர், ஒரே பசளை போட்டு மிளகாய் நட்டால், கன்றுக்குக் கன்று உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் விதையால் வந்தது என்பீர்கள். பாதித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடாமல் விட்டால்? விதை அதேதான், ஆனால் வித்தியாசத்தில் பெரும் பங்கு தண்ணீருடையதாகிவிடும். பரம்பரைத்தன்மை என்பது அந்தத் தோட்டத்தின் கணக்கு, ஒரு தனிக் கன்றின் தலையெழுத்து அல்ல.

அப்படியானால் வருவது எது? உயிர்மாய்ப்புக்கு என்று ஒரு தனி மரபணு கிடையாது. பெரும் பங்கு, அதற்குப் பின்னால் இருக்கிற வருத்தங்களின் வழியாக வருகிறது. மனச்சோர்வு, இருமுனை நோய், மனச்சிதைவு, குடிக்கு அடிமையாகும் தன்மை. ஆனால் அதோடு முடிவதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஆமிஷ் என்ற மதச் சமூகத்தை ஆராய்ந்து 1985இல் எழுதியவர்கள் கண்டது எனக்கு எப்போதும் ஆச்சரியம். மது இல்லை, வேலையில்லாத் திண்டாட்டம் இல்லை, சொந்தபந்தம் எல்லாம் கிட்டக் கிட்ட. நூறு வருடத்தில் 26 உயிர்மாய்ப்பு மட்டும். அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு நான்கே நான்கு பரம்பரைகளில். சரி, அந்த நான்கிலும் மனச்சோர்வும் இருமுனை நோயும் நிறைய இருந்தன. ஆனால் அதே அளவு மனநோய் இருந்தும் ஓர் உயிர்கூடப் போகாத குடும்பங்களும் அங்கேயே இருந்தன. நோய் வருவது ஒன்று, நோய் வந்த பிறகு உயிரை மாய்க்கும் பக்கம் சாய்வது இன்னொன்று. இரண்டும் தனித்தனியாகவும் கைமாறலாம்.

இரண்டாவதாகச் சொன்ன அந்தச் சாய்வு என்ன என்று கேட்டால், ஆராய்ச்சியாளர் அதிகம் சுட்டுவது திடீர் ஆவேசத்தை. நெருக்கடியில் கோபமோ அவமானமோ பொங்கும்போது, அடுத்த அரை மணித்தியாலத்தைப் பற்றி யோசிக்க முடியாமல் போகிற சுபாவம். எங்கள் வீடுகளில் இதற்குச் சொல் உண்டு: “அவனுக்குக் கண்மண் தெரியாத கோவம்.” “தேப்பனைப் போல” என்றும் சேர்த்துச் சொல்வோம். மரபியல் என்று தெரியாமலே மரபியல் கதைத்திருக்கிறோம்.

மரபணுவைத் தேடிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நானும் ஏமாந்தவள். 1976இல் சுவீடனில் மரி ஆஸ்பெர்க் என்ற மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களில் முள்ளந்தண்டு நீரில் செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்தின் கழிவுப்பொருள் குறைவாக இருந்தவர்கள் உயிர்மாய்ப்புக்கு அதிகம் முயன்றார்கள் என்று கண்டார். அதன் பிறகு எல்லோரும் செரட்டோனின் தொடர்பான மரபணுக்களின் பின்னால் ஓடினார்கள். செரட்டோனினைக் கடத்தும் மரபணுவின் குட்டையான வடிவம் உள்ளவர்கள் துன்பம் வந்தால் உடைந்துபோவார்கள் என்று 2003இல் வந்த கட்டுரையை நான் மாணவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன், கரும்பலகையில் படம் கீறி. 2019இல் இலட்சக்கணக்கானவர்களின் தரவில், மனச்சோர்வுக்குப் பேர்போன 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வேறு 18 மரபணுவை எடுத்திருந்தாலும் அதே பலன்தான் வந்திருக்கும் என்று ஆகிவிட்டது. அன்று படித்த பிள்ளைகளிடம் நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போதைய வழி வேறு. ஒரு மரபணுவைச் சந்தேகித்துத் தேடாமல், முழு மரபணுத் தொகுதியையும் பெருந்தொகையானவர்களில் ஒப்பிடுகிறார்கள். 2022இல் வந்த ஆய்வில் உயிர்மாய்ப்புக்கு முயன்றவர்கள் 29,782 பேர், ஒப்பீட்டுக்கு 5 இலட்சத்துக்கு மேல். அத்தனை பேரைப் பார்த்தும் தெளிவாகத் தெரிந்தவை இரண்டே இடங்கள். அதில் 7ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒன்று, மனநோய்களின் பங்கைக் கழித்த பிறகும் நின்றது. 2023இல் முயன்றவர்களின் தொகை 43,871 ஆகக் கூடியது, இடங்கள் 12 ஆயின. ஒவ்வொன்றின் பங்கும் உப்புக்கல் அளவு. இந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 6, 7 வீதம்தான் விளங்குகிறது. இரட்டையர் கணக்கு 30 முதல் 55 என்கிறது, இது 7 என்கிறது. மீதி எங்கே? அரிதான மரபணு மாற்றங்களில் கொஞ்சம் இருக்கலாம், மரபணுவும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில் கொஞ்சம் இருக்கலாம், இரட்டையர் கணக்கே கொஞ்சம் ஊதியிருக்கலாம். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் அதே ஆய்வில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. உயிர்மாய்ப்பு முயற்சியின் மரபணுச் சாயல் எவற்றோடு பொருந்துகிறது என்று பார்த்தபோது, மனச்சோர்வோடு மட்டுமல்ல, நித்திரையின்மை, உடல் நோவு, புகைத்தல் ஆகியவற்றோடும் பொருந்தியது. மரபணுவை மாற்ற முடியாது. நித்திரையின்மைக்கும் நோவுக்கும் மருந்து இருக்கிறது.

ஆகவே பரிசோதனை பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. இல்லை. இரத்தத்தையோ எச்சிலையோ எடுத்து ஒருவர் உயிரை மாய்ப்பாரா என்று சொல்லும் பரிசோதனை கொழும்பிலும் இல்லை, ரொறொன்ரோவிலும் இல்லை. எச்சிலைப் போத்தலில் அடைத்து அனுப்பினால் ஆயிரம் நோய்க்கு ஆபத்துப் புள்ளி போட்டுத் தருகிறோம் என்று வெளிநாட்டில் விற்கிறார்கள். மாப்பிள்ளை வீடு அதைக் கேட்டாலும் செய்யாதீர்கள். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் கட்டப்பட்டவை, அவர்களிலேயே தனி ஆளுக்குச் சொல்லப் போதாது. நமக்கு எப்படிப் பொருந்தும்?

மரபணு தலையெழுத்தல்ல என்பதற்கு ஆய்வுகூடத்துக்குப் போகத் தேவையில்லை, எங்கள் நாடே சாட்சி. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்த வருடத்திலிருந்து அதிக நச்சுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1998இல் இன்னொன்று, 2008 முதல் 2011 வரை மேலும் சில. இருபது வருடத்தில் வீதம் ஏறக்குறைய 70 வீதம் விழுந்தது. அதனால் தப்பிய உயிர்கள் 93,000 அளவில் என்று 2017இல் கணக்கிட்டார்கள். இருபது வருடத்தில் இலங்கையர் மரபணு மாறவில்லை. கோபமும் குறையவில்லை, குடியும் குறையவில்லை. ஆவேசம் வந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் உயிர் குடிக்கிற பொருள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஆவேசம் தணிந்தது, ஆள் மிஞ்சினார். மிஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பிறகு அப்படிச் சாவதில்லை என்பதும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இன்னொரு சாட்சி. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1995இல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, யுத்தம் உக்கிரமாக இருந்த காலத்தில் இங்கே உயிர்மாய்ப்பு வீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் பல நாடுகளில் கண்டதுதான். பொதுவான ஆபத்து வந்தால் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். எந்த விளக்கமானாலும், அதே குடாநாடு, அதே பரம்பரைகள், வீதம் மட்டும் ஏறி இறங்கியிருக்கிறது.

யுத்தம் என்றதும் இன்னொன்றும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். “நாங்கள் பட்ட பாடு பிள்ளைகளின் மரபணுவில் எழுதப்பட்டுவிட்டதாமே?” 2009இல் மொன்றியலில் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். சிறுவயதில் துன்புறுத்தப்பட்டு, பின்னர் உயிரை மாய்த்துக்கொண்டவர்களில், மன அழுத்த ஹோர்மோனை அடக்கும் ஒரு மரபணுவின் மேல் இரசாயன மூடி அதிகம் விழுந்திருந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அது வாசிக்கப்படும் அளவு குறைந்திருந்தது. அருமையான ஆய்வுதான். ஆனால் மொத்தம் 36 மூளைகள். அதிலும் அது அந்த ஆளின் சொந்தச் சிறுவயதைப் பற்றியது. அது பேரப்பிள்ளைக்குக் கைமாறுகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மேடைகளில் இதை ஊதிப் பெருப்பித்துப் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஏற்கெனவே இவ்வளவு சுமக்கிற பிள்ளைகளுக்கு, “உன் இரத்தமே பழுது” என்று இன்னொரு சுமை எதற்கு?

இரத்தத்தால் வராமல், வீட்டால் வருவதும் உண்டு. மனச்சோர்வு போன்ற வருத்தம் உள்ள பெற்றோரின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், முன்பு உயிர்மாய்ப்புக்கு முயன்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. அதில் எவ்வளவு இரத்தம், எவ்வளவு வளர்ப்பு என்று 2020இல் சுவீடனின் நாடு முழுவதற்குமான பதிவேடுகளில் பார்த்தபோது, முயற்சிகளைப் பொறுத்தவரை இரண்டின் பங்கும் ஏறக்குறைய சமமாக வந்தது. அதே நாட்டில் 2010இல் வந்த இன்னொன்று: தாயையோ தகப்பனையோ இப்படி இழந்தபோது சிறு பிள்ளையாகவோ பதின்ம வயதிலோ இருந்தவர்களுக்கு ஆபத்து 3 மடங்கு. வளர்ந்த பிறகு இழந்தவர்களில் அப்படித் தெளிவான வித்தியாசம் இல்லை. இழந்த வயதோடு இரத்தம் மாறுவதில்லையே. அப்போ அது இழப்பின் வேலை, இழப்புக்குப் பிறகு வீடு எப்படி நடந்தது என்பதன் வேலை.

உங்களுக்கு அப்போது 11 வயது. அதனால் இந்தத் தகவலை உங்களிடம் மறைப்பது சரியில்லை என்று நினைத்தேன். 3 மடங்கு என்பது சின்ன எண்ணின் 3 மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, கேள்விகளில் இல்லை. “அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொன்னார்கள். 18 வருடமாக அப்படித்தான் சொல்கிறேன்.” எங்கள் பத்திரிகைகள் “தவறான முடிவெடுத்து உயிர்மாய்ப்பு” என்று எழுதும். எனக்கு அந்தத் தொடரில் உடன்பாடு இல்லை. நியுமோனியாவால் செத்தவரைத் தவறான முடிவெடுத்தவர் என்று எழுதுவோமா? உயிர்மாய்ப்பு முயற்சியைக் குற்றம் என்று வைத்திருந்த தண்டனைச் சட்டப் பிரிவை 1998இலேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது, தரகர் விடவில்லை.

மறைப்பதால் ஒரு நடைமுறைக் கேடும் உண்டு. சலரோகம் உள்ள குடும்பம் என்றால் டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்கிறோம், அவரும் முன்னமே சீனி பார்க்கிறார். இதைச் சொல்லாததால், மனச்சோர்வோடு வருகிற பிள்ளைக்கு வெறும் நித்திரைக் குளிசை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். குடும்பத்தில் இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்தால் நாங்கள் வேறு விதமாகப் பார்ப்போம். கிளினிக்குக்கு அடிக்கடி கூப்பிடுவோம், எண்ணம் வருகிறதா என்று வாயைத் திறந்து கேட்போம், இருமுனை நோயென்றால் லிதியம் பற்றி முன்னமே யோசிப்போம். உயிர்மாய்ப்பைக் குறைக்கிறது என்று சான்று உள்ள மிகச் சில மருந்துகளில் அது ஒன்று. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுவார்கள். வராது. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மூச்சு விடுகிறார்கள்.

கலியாண விஷயம். உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது, ஏதாவது இருந்தால், கொஞ்சம் கூடுதலான ஒரு சாய்வு மட்டும். பிள்ளை பெறக்கூடாது என்று சொல்ல அதில் எந்த மருத்துவக் காரணமும் இல்லை. தாய் தகப்பன் சொந்த மச்சான் மச்சாள் என்பதால் வந்ததோ என்றும் சிலர் கேட்பார்கள். சொந்தத்துக்குள் கட்டினால் கூடுவது, இரண்டு பக்கத்திலும் ஒரே பழுதான மரபணு சேர்ந்தால் வரும் அரிய நோய்கள். இது அந்த இனம் அல்ல. அந்தக் கனடாப் பெடியனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குடிக்கிறாரா, கோபம் வந்தால் கை நீட்டுவாரா என்று உங்கள் பக்கத்தில் யாராவது விசாரித்தார்களா என்று மட்டும் கேட்க ஆசை.

அப்புறம், “சில இரவுகளில் எனக்கும் பயமாக இருக்கும்” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எதற்குப் பயம்? அப்பாவைப் போல ஆகிவிடுவேனோ என்ற பயமா, சாக வேண்டும் என்ற எண்ணமே வருகிறதா? முதலாவதென்றால், இப்படிக் குடும்பத்தை இழந்தவர்கள் அநேகமானோருக்கு அந்தப் பயம் உண்டு, திவசம் கிட்டும் நாட்களில் கூடும். இரண்டாவதென்றால் இதை வாசித்து முடிப்பதற்குக் காத்திருக்க வேண்டாம். 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி, இரவிலும் எடுப்பார்கள். உங்களுக்குக் கிட்ட மந்திகை ஆஸ்பத்திரி, அதைவிட்டால் தெல்லிப்பழை, பெரியாஸ்பத்திரி. தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று வெட்கமாக இருந்தால் வேறு ஊர் கிளினிக்குக்குப் போங்கள், பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

அம்மாவுக்கு இதைக் காட்டலாமா? காட்டுங்கள். எண்கள் உள்ள பகுதிகளை விட்டுவிடலாம், அவவுக்கு அது தேவைப்படாது. நெஞ்சு வருத்தம் பற்றிய பகுதியிலிருந்து தொடங்குங்கள். அவ இடையில் அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், வாசிப்பதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.